சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லித்தரப் போகிறீர்களா? பொருள் வாங்குமுன் இதைப் படியுங்கள்

ஜூலை கடைசி வாரம். பள்ளி மூட நான்கு நாள் இருக்கும்போது தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "செப்டம்பரிலிருந்து மூன்றாம் ஆண்டுக்கு ஸ்பானிஷ் நீங்கள்தான்" என்றார். மாலை வகுப்பில் ஒரு வருடம் ஸ்பானிஷ் படித்தேன் என்று எப்போதோ விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். அது அவர் கண்ணில் பட்டுவிட்டது. இங்கிலாந்தில் சாதாரண அரசுத் தொடக்கப் பள்ளி, வகுப்பில் 30 பிள்ளைகள், ஏழெட்டு வயது.

அந்த ஆறு வார விடுமுறையில் நான் செய்தது ஒன்றுதான். பொருள் வாங்கினேன். பட அட்டை, சுவரொட்டி, பகடை, பாட்டுத் தொகுப்பு, ஒட்டும் படம், பிறந்தநாள் பலூன் வரை. கைக்காசு 140 பவுண்டு போயிற்று. டிசம்பரில் பெட்டியைத் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் உறைகூடப் பிரிக்கவில்லை. பிரித்ததிலும் சிலவற்றில் இருந்தது தப்பு ஸ்பானிஷ்.

இங்கே பள்ளிகளில் உதவியாசிரியராகவும் ஆசிரியராகவும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். "உனக்குத்தான் ரெண்டு மூணு மொழி வருமே" என்று சொல்லி இந்த வேலையை நம் தலையில் கட்டுவது நடக்கிற விஷயம்தான். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன். சட்டதிட்டம், பணம் பற்றிச் சொல்வது இங்கிலாந்துக்குப் பொருந்தும். பொருளைச் சோதிக்கும் பகுதி எந்த ஊரில் இருப்பவருக்கும் உதவும்.

1. கடைக்குப் போகுமுன் மூன்று தாள்கள்

முதல் தாள், அரசின் பாடத்திட்டம். 2014 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தில் 7 முதல் 11 வயதுவரையான பிள்ளைகளுக்கு ஒரு வேற்றுமொழி கட்டாயம். அதற்கான பாடத்திட்டம் சில பக்கங்கள்தான், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு, சந்தம் வழியாக ஒலியைப் பழக வேண்டும், சின்ன வாக்கியம் பேச வேண்டும், மனப்பாடமாகச் சில தொடர் எழுத வேண்டும், பெயர்ச்சொல்லின் ஆண்பால் பெண்பால் தெரிய வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இந்தப் பால் விஷயம் பின்னால் அட்டை வாங்கும்போது தேவைப்படும், நினைவில் வையுங்கள். ஏழு வயதுக்குக் கீழே கட்டாயம் எதுவும் இல்லை. அந்தச் சின்னவர்களுக்குப் பத்து நிமிடப் பாட்டும் விளையாட்டும் போதும், அதற்காகத் தனியாக எதுவும் வாங்காதீர்கள்.

இரண்டாவது, பள்ளியின் சொந்தத் திட்டமும் அது ஏற்கெனவே கட்டிவரும் சந்தாக்களின் பட்டியலும். நான் இதைக் கேட்கவில்லை. நான் காசு கொடுத்து வாங்கிய அதே பழ அட்டைகளை, பள்ளி சந்தா கட்டியிருந்த தளத்திலிருந்து சும்மாவே இறக்கியிருக்கலாம் என்று அக்டோபரில்தான் தெரிந்தது. கடவுச்சொல் அலுவலகத்தில் இருந்தது, கேட்டவர்தான் யாரும் இல்லை. அலமாரி உச்சியையும் ஒருமுறை பாருங்கள். முன்பு சொல்லித்தந்தவர் விட்டுப்போன பெட்டி ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும்.

மூன்றாவது, கால அட்டவணை. எங்களுக்கு வாரம் 30 நிமிடம். பிள்ளைகள் பள்ளிக்கு வருவது வருடத்துக்கு 190 நாள், அதாவது 38 வாரம். கணக்குப் போட்டால் வருடம் முழுக்க 19 மணி நேரம். அதிலும் விளையாட்டு விழா, கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை என்று சில வாரம் கழிந்துவிடும். 19 மணி நேரத்துக்கு 140 பவுண்டுப் பொருள் எதற்கு? இந்தக் கணக்கை நான் முதலில் போட்டிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

2. சொற்பட்டியலை எழுதி முடித்த பிறகுதான் வாங்க வேண்டும்

ஆறேழு வாரம் கொண்ட ஒரு அரைப் பருவத்துக்குப் பத்துப் பதினைந்து சொல்லும் இரண்டு வாக்கிய அமைப்பும் போதும். உதாரணத்துக்கு முதல் பருவம்: வணக்கம், பெயர் சொல்வது, ஒன்று முதல் பன்னிரண்டு, எனக்கு எத்தனை வயது. அடுத்தது நிறம். அதற்கடுத்தது விலங்கு, ஏனென்றால் கற்ற நிறத்தை விலங்கோடு சேர்த்துச் சொல்ல முடியும். இப்படி ஒரு ஏ4 தாளில் வருடம் முழுவதையும் எழுதிவிடுங்கள். கடையில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் இந்தத் தாளில் இருக்கும் எத்தனை சொல்லுக்கு இது உதவும் என்று பாருங்கள். நான் ஆசைப்பட்டு வாங்கிய 48 விலங்கு அட்டைகளில் வருடம் முழுக்கப் பயன்பட்டவை எட்டு. மீதி நாற்பதில் எறும்புத்தின்னியும் இருந்தது.

எந்த ஊர் ஸ்பானிஷ் என்பதையும் இந்த இடத்திலேயே முடிவு செய்ய வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வரும் சாதாரணச் சொற்களிலேயே ஸ்பெயினும் லத்தீன் அமெரிக்காவும் பிரியும். பழச்சாறு ஸ்பெயினில் தூமோ, அந்தப் பக்கம் ஹூகோ. உருளைக்கிழங்கு ஸ்பெயினில் பத்தாத்தா, அங்கே பாப்பா. கணினி ஸ்பெயினில் ஓர்தெனதோர், அங்கே பல நாடுகளில் கொம்புத்ததோரா. கார் ஸ்பெயினில் கோச்சே, மெக்சிகோவில் கார்ரோ, அர்ஜென்டினாவில் ஆவுத்தோ. பலரைச் சேர்த்து "நீங்கள்" என்று அழைக்க ஸ்பெயினில் நெருக்கமானவர்களிடம் ஒரு சொல், மரியாதைக்கு வேறொன்று. லத்தீன் அமெரிக்காவில் எல்லாருக்கும் உஸ்தேதெஸ் என்ற ஒன்றுதான்.

அமெரிக்காவில் தயாராகும் பொருள்களில் பெரும்பாலும் மெக்சிகோ வழக்கு இருக்கும், பிரிட்டனில் தயாராவதில் ஸ்பெயின் வழக்கு. இரண்டையும் கலந்து வாங்கினால் சுவரில் ஒரு சொல், அட்டையில் வேறு சொல் என்று ஆகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. தூமோ அட்டையைத் தூக்கிக் காட்டியபோது எக்வடோர் குடும்பத்துப் பையன் ஒருவன் கையைத் தூக்கி, "மிஸ், எங்க அம்மா அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றான். எனக்கு அன்றுவரை ஹூகோ தெரியாது. அவன் சொன்னது தப்பு என்று சொல்லாமல் விட்டேனே, அது போன ஜென்மத்துப் புண்ணியம். லண்டன் போன்ற ஊர்களில் கொலம்பியா, எக்வடோர், பொலிவியாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. செப்டம்பரிலேயே வகுப்பில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளை உண்டா என்று விசாரியுங்கள். முதன்மையாக ஒரு வழக்கை வைத்துக்கொண்டு, அட்டையின் பின்பக்கம் மற்றதை எழுதிவிடுங்கள். பென்சிலால் எழுதினால் போதும், புது அட்டை வேண்டாம்.

3. ஒலி கேட்காத பொருளை வாங்காதீர்கள்

இந்த ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. ஸ்பானிஷின் உயிரொலி ஐந்துதான்: அ, எ, இ, ஒ, உ. நம் வாயில் இருப்பவையே. ஆங்கிலத்தில் வளர்ந்த பிள்ளை ஓலா (வணக்கம்) என்பதை "ஓவ்லா" என்று இழுக்கும், நமக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர்களின் டி எழுத்துகள் (T, D) இரண்டும் நம் த போல ஒலிக்கும், ட போல அல்ல. ப, க இரண்டையும் ஆங்கிலேயர் போல மூச்சுவிட்டு ஊத வேண்டியதில்லை, நாம் பல் என்றும் கல் என்றும் சொல்வது போலச் சொன்னால் சரி. இரண்டு உயிருக்கு நடுவே வரும் D ஒலி "அது" என்பதில் வருவது போல மெலிந்துவிடும், அதையும் யாரும் சொல்லித்தர வேண்டாம். என் (N) எழுத்தின் மேல் அலைக்கோடு போட்டதுதான் நம் ஞ. அப்புறம் ஆங்கில ஆசிரியர்கள் வருடக்கணக்கில் முட்டிக்கொள்ளும் இடம்: பெரோ என்றால் "ஆனால்", பெறோ என்றால் "நாய்". ர-வும் ற-வும்! மேடைப் பேச்சில் ற-வை உருட்டிச் சொல்வோமே, அதைத்தான் கேட்கிறார்கள்.

நாம் தடுமாறும் இடமும் உண்டு. எச் எழுத்துக்கு ஒலியே கிடையாது. வி எழுத்தை ஆங்கிலம் போல உதட்டைக் கடித்துச் சொல்லக் கூடாது, அது பி (B) எழுத்தின் அதே ஒலிதான். பசு பாக்கா, வாக்கா அல்ல. சுமோ என்று எனக்கு வந்த பழச்சாறு, ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கை லேசாகப் பல்லிடையில் நீட்டிச் சொல்லும் தூமோ.

ஆகவே சோதனை இப்படி. வாங்க நினைக்கும் தொகுப்பில் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகக் கேட்க முடிகிறதா பாருங்கள். முழுப் பாட்டு மட்டும் இருந்தால் பத்தாது. அந்த மொழியைப் பேசி வளர்ந்தவரின் குரலா என்று பாருங்கள். பத்துச் சொல்லைக் கேட்டு, நீங்கள் திருப்பிச் சொல்லி, கைப்பேசியில் பதிந்து, இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். கால் மணி நேர வேலை. இதற்கு மாதிரிப் பக்கம்கூடத் திறந்துகாட்டாத தளத்துக்குப் பணம் கட்ட வேண்டாம்.

சொல்லுக்கு அடியில் ஆங்கில எழுத்தால் உச்சரிப்பு எழுதிய அட்டையைக் கண்டால் தள்ளி வையுங்கள். ஆங்கிலக் காதுக்கு எழுதியது அது, பிள்ளை அதைத்தான் வாசிக்கும். இங்கிலாந்துப் பிள்ளைகள் ஆறு வயதிலேயே எழுத்தொலிச் சோதனை முடித்தவர்கள். எந்த எழுத்தைக் கண்டாலும் ஆங்கில ஒலியில் கூட்டிப் படிக்கத்தான் பழகியிருக்கிறார்கள். அதனால் படம் ஒருபுறமும் எழுத்து மறுபுறமும் உள்ள அட்டையே எனக்குப் பிடித்தது. முதல் வாரம் படமும் ஒலியும் மட்டும், எழுத்தை இரண்டாம் வாரம் திருப்பிக் காட்டுவேன்.

4. இலவசத்தில் எது தேறும்

பிபிசி பைட்சைஸ் என்ற கல்வித்தளத்தில் இந்த வயதுக்கான ஸ்பானிஷ் பகுதி இருக்கிறது. ஓக் நேஷனல் அகாடமி என்ற தளத்தில் பாடமாகவே அடுக்கி வைத்திருக்கிறார்கள், நீங்கள் முன்கூட்டிப் படித்துப் பழக நல்லது. லைட்பல்ப் லாங்குவேஜஸ் என்ற தளத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏற்ற பயிற்சித்தாள்கள் கிடைக்கும். லண்டனில் ஸ்பெயின் தூதரகத்தின் கல்வி அலுவலகம் பிரிட்டனில் ஸ்பானிஷ் சொல்லித்தருபவர்களுக்கென்றே இலவசப் பாடப்பொருளும் பயிற்சியும் தருகிறது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஸ்பெயின் அரசின் செர்வான்தெஸ் நிறுவனத்துக்கு லண்டனிலும் மான்செஸ்டரிலும் லீட்ஸிலும் கிளைகள் உண்டு. அதன் நூலகத்தில் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு வாங்கலாமா என்று யோசிக்கலாம்.

இலவசத்தில் ஒரு மறைமுகச் செலவு இருக்கிறது, உங்கள் ஞாயிற்றுக்கிழமை. ஐந்து தளத்தில் தேடி, நான்கு எழுத்துரு கலந்து, வெட்டி ஒட்டி ஒரு பாடம் தயாரிக்க எனக்கு ஆரம்பத்தில் மூன்று மணி நேரம் ஆயிற்று. வகுப்பு நடந்தது அரை மணி. இரண்டு தளத்தைத் தேர்ந்தெடுத்து அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

5. தப்பு ஸ்பானிஷைப் பிடிக்கும் சோதனை

அழகான படம், பளபளப்பான அட்டை, ஐந்து நட்சத்திரம். எதையும் நம்பாதீர்கள். ஆசிரியர்களே செய்து விற்கும் தளங்களில் நல்லவையும் உண்டு, கணினியில் மொழிபெயர்த்துப் போட்டவையும் உண்டு. வாங்குமுன் மாதிரிப் பக்கத்தைப் பெரிதாக்கி இவற்றைப் பாருங்கள்.

பெயர்ச்சொல்லுக்கு முன் எல் (ஆண்பால்) அல்லது லா (பெண்பால்) இருக்கிறதா? இல்லாவிட்டால் வேண்டாம். பிள்ளை சொல்லோடு சேர்த்தே பாலையும் கற்க வேண்டும், பாடத்திட்டமும் அதைத்தான் கேட்கிறது. ஓவில் முடிந்தால் ஆண், ஆவில் முடிந்தால் பெண் என்று சுவரொட்டியில் போட்டிருப்பார்கள். கை என்பது லா மானோ, நாள் என்பது எல் தீயா. இரண்டும் அந்த விதியை மீறும் அன்றாடச் சொற்கள். நிற அட்டையில் சிவப்புக்கு ஆண்பால் ரோஹோ மட்டும் இருக்கிறதா, பெண்பால் ரோஹாவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிவப்புப் பூ வரும்போது தேவைப்படும்.

ஞகர அலைக்கோடு இருக்கிறதா? இதை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். "எனக்கு ஏழு வயது" என்பதில் வருடம் என்ற சொல் ஆஞோஸ். அலைக்கோடு விடுபட்டால் அது ஆனோஸ், அதாவது ஆசனவாய். எனக்கு ஏழு ஆசனவாய் என்று 30 பிள்ளைகள் எழுதிய தாள் பெற்றோர் வந்து பார்க்கும் மாலையில் சுவரில் தொங்குவதை நினைத்துப் பாருங்கள். நான் வாங்கிய பிறந்தநாள் பலூன் பொட்டலத்தில் இருபதிலும் அந்தக் கோடு இல்லை. பிறந்தநாள் வாழ்த்துக்குள்ளும் அதே வருடம்தான் ஒளிந்திருக்கிறது. கையெழுத்துப் பயிற்சிக்கென்று பள்ளிகள் வைத்திருக்கும் சில எழுத்துருக்களில் இந்த எழுத்து சரியாக விழாது, அச்செடுக்குமுன் ஒருமுறை தட்டச்சு செய்து பாருங்கள்.

பெரிய எழுத்தில் அச்சிட்ட சுவரொட்டிகளில் அழுத்தக்குறியை விட்டுவிடுவார்கள். பெரிய எழுத்துக்கும் குறி போட வேண்டும் என்பதே ஸ்பானிஷ் விதி. கேள்விக்கும் வியப்புக்கும் வாக்கியத் தொடக்கத்தில் தலைகீழ்க் குறி வேண்டும். நாள் பெயரும் மாதப் பெயரும் சின்ன எழுத்தில்தான் தொடங்கும். வாரம் திங்களில் தொடங்கும், ஞாயிறில் தொடங்கும் நாட்காட்டி அமெரிக்கப் பள்ளிக்கென்று செய்தது.

எழுத்துச் சுவரொட்டியில் எண்ணுங்கள், 27 இருக்க வேண்டும். 29 அல்லது 30 இருந்தால் பழைய சரக்கு. இரட்டை எழுத்துகளைத் தனி எழுத்தாகச் சேர்ப்பதை ஸ்பானிஷ் மொழிக் கழகங்கள் 2010-ல் நிறுத்திவிட்டன. என்னைக் கேட்டால் எழுத்துச் சுவரொட்டியே முதல் வருடம் வேண்டாம், ஐந்து உயிரொலிக்கு ஐந்து படம் ஒட்டினால் போதும்.

கணினி மொழிபெயர்ப்பைப் பிடிக்க இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, தட்பவெப்பம். "எனக்குப் புழுக்கமாக இருக்கிறது" என்பது தேங்கோ காலோர். ஆங்கிலத்தை அப்படியே மாற்றினால் எஸ்தோய் காலியெந்தே என்று வரும், அதற்குச் சின்னப் பிள்ளைகள் வாயில் வரக் கூடாத அர்த்தம் உண்டு. இரண்டு, நாட்காட்டித் தலைப்பு. தேதி என்ற இடத்தில் தாத்தில் என்று போட்டிருந்தது நான் வாங்கிய ஒன்றில். அது பேரீச்சம்பழம். விற்றவருக்கு எழுதினேன், பணம் திரும்பி வந்தது, பொருள் இன்னும் அப்படியே விற்பனையில் இருக்கிறது.

பெரிய தொப்பி, மீசை, கள்ளிச்செடி மட்டுமே உள்ள "ஸ்பானிஷ் உலகம்" பொட்டலங்களை நான் வாங்குவதில்லை. ஸ்பானிஷ் ஆட்சிமொழியாக இருக்கும் நாடுகள் 20, ஆப்பிரிக்காவில் எக்வடோரியல் கினியாவும் அதில் ஒன்று. புவேர்த்தோ ரீக்கோ தனி. ஒரு உலக வரைபடத்தில் நிறம் தீட்டவிட்டால் செலவில்லாமல் முடியும். மே 5-ஐ மெக்சிகோவின் சுதந்திர நாள் என்று அச்சிட்ட தாள்களும் உலவுகின்றன. சுதந்திர நாள் செப்டம்பர் 16.

6. கையில் பிடிக்கும் பொருள்: நான்கே போதும்

இரண்டாம் வருடம் நான் செலவழித்தது சுமார் 43 பவுண்டு. கைப்பொம்மை 12, லேமினேட் உறை நூறு 11, இரண்டு படப் புத்தகம் 16, பஞ்சுப் பகடை 4.

பொம்மைக்கு ஆங்கிலம் தெரியாது, அதுதான் ஒரே விதி. பிள்ளை அதனிடம் பேச வேண்டுமென்றால் ஸ்பானிஷில்தான் பேச வேண்டும். என்னிடம் பேசக் கூச்சப்படும் பெண் ஒருத்தி பொம்மையிடம் பேசினாள். வாய் திறந்து மூடும்படி உள்ளதை வாங்குங்கள், உச்சரிப்பைக் காட்ட உதவும். பகடை பஞ்சில் இருக்கட்டும். பிளாஸ்டிக் பகடை 15 ஜோடி ஒரே நேரத்தில் உருண்டால் பக்கத்து வகுப்பு ஆசிரியை கதவைத் தட்டுவார்.

லேமினேட் பற்றி ஒரு வார்த்தை. ஜோடிக்கு ஒரு செட் என்று 15 செட், செட்டுக்குப் பத்து அட்டை, ஆக 150 அட்டைகள். வெட்டி, உறையிட்டு, மறுபடி வெட்ட எனக்கு மூன்று மாலைப்பொழுது ஆயிற்று. இரண்டாம் வாரம் ஒரு செட்டில் ஏழுதான் இருந்தது. இப்போது வகுப்புக்கு ஒரே ஒரு பெரிய செட்தான் உறையிடுகிறேன். பிள்ளைகளுக்கு இங்கே எல்லா வகுப்பிலும் இருக்கும் சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் போதும். ஆறு கட்டம் வரைந்து, ஆறு பழம் தாங்களே கிறுக்கி, பிங்கோ ஆடுவார்கள். தாங்கள் வரைந்தது என்பதால் சொல்லும் மறப்பதில்லை.

படப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு வாக்கியம், அதே வாக்கியம் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஆங்கிலத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே கேட்ட கதையின் ஸ்பானிஷ் பதிப்பு முதல் வருடத்துக்கு வசதி, கதை தெரியும் என்பதால் சொல்லில் கவனம் நிற்கும். எதுகைப் பாட்டை மொழிபெயர்த்த புத்தகத்தை மட்டும் வாய்விட்டுப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பலவற்றில் சந்தம் செத்துப்போயிருக்கும்.

பாட்டுக்குக் காசே வேண்டாம். ஆனால் வேகம் பாருங்கள். தாய்மொழிக் குழந்தைகளுக்காகப் பாடியது நம் வகுப்புக்கு ஓட்டமாக ஓடும். கையசைவு இல்லாத பாட்டு ஏழு வயதுக்கு எடுபடாது. காணொளி என்றால் முந்தைய நாளே கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், நடுவில் விளம்பரம் வந்து நான் திரையை உடம்பால் மறைத்த நாள் உண்டு.

7. ஆப், சந்தா, நகல்

பிள்ளைகள் பெயரில் கணக்குத் திறக்கும் எந்த ஆப்பையும் நீங்களாகத் தொடங்காதீர்கள். பள்ளியில் தகவல் பாதுகாப்பைப் பார்ப்பவரின் ஒப்புதல் வேண்டும். எழுத்தில் கேளுங்கள், சில வாரம் ஆகும். சந்தாவில் பார்க்க வேண்டியது இரண்டு: ஒரு ஆசிரியருக்கா முழுப் பள்ளிக்கா, வருடக் கடைசியில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா. தனிநபர் சந்தாவில் இறக்கியதைப் பள்ளியின் பொது இடத்தில் போட்டு எல்லாரும் எடுத்துக்கொள்வது பல தளங்களில் விதிமீறல்.

புத்தகப் பக்கத்தை நகலெடுக்க இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளுக்குப் பொது உரிமம் ஒன்று இருக்கிறது, பணத்தைக் கல்வித்துறையே கட்டிவிடுகிறது. பொதுவாக ஒரு நூலில் 5 சதவீதம் அல்லது ஒரு அத்தியாயம் எடுக்கலாம். பயிற்சிநூலை முழுசாக நகலெடுத்து 30 பேருக்குக் கொடுக்க முடியாது.

8. பணமும் ரசீதும்

முதலில் வாங்கிவிட்டு ரசீதை நீட்டினால் பணம் வராது. எனக்கு 140-ல் ஒரு பவுண்டுகூட வரவில்லை. பொருளின் பெயர், விலை, கடை, எதற்கு என்று அரைப்பக்கம் எழுதி அனுமதி வாங்கி, பள்ளி அலுவலகமே ஆர்டர் போடும்படி செய்யுங்கள். உள்ளாட்சி மன்றத்தின் கீழ் உள்ள பள்ளிக்கு நிதியாண்டு மார்ச் 31-ல் முடியும், மன்றத்தின் கீழ் வராத அகாடமி வகைப் பள்ளிக்கு ஆகஸ்டு 31-ல். முடிய இரண்டு மாதம் இருக்கும்போது போய்க் கேளுங்கள். மிச்சப் பணம் இருந்தால் அப்போது சின்னத் தொகை சுலபமாகக் கிடைக்கும்.

ஸ்பெயினிலிருந்து நேராக வரவழைப்பது இப்போது முன்போல் இல்லை. அச்சுப் புத்தகத்துக்கு பிரிட்டனில் மதிப்புக்கூட்டு வரி பூஜ்யம், ஆனால் விளையாட்டுப் பொருளுக்கு உண்டு. சரக்கின் மதிப்பு 135 பவுண்டைத் தாண்டினால் சுங்கத்தில் நிற்கும், கூரியர்காரர் தன் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்பார். பிரிட்டனில் உள்ள கடையில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

9. சாப்பாட்டு நாள் வைக்க நினைத்தால்

பெற்றோருக்குக் கடிதம் இரண்டு வாரம் முன்னால் போக வேண்டும். உணவின் பெயர் மட்டும் போதாது, உள்ளே என்ன இருக்கிறது என்றும் எழுதுங்கள். பிரிட்டனில் சட்டப்படி குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 14. ஸ்பெயினின் கிறிஸ்துமஸ் இனிப்பு தூரோன் பாதாமால் ஆனது, கொட்டை வகைக்குத் தடை உள்ள பள்ளிக்குள் அது வரவே கூடாது. ஆண்டின் கடைசி இரவில் மணி பன்னிரண்டு அடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு திராட்சை தின்பது அங்கே வழக்கம். எண் சொல்லித்தர இதைவிட நல்ல சாக்கு கிடையாது. ஆனால் முழுத் திராட்சை சின்னத் தொண்டையில் அடைக்கும், நீளவாக்கில் நறுக்க வேண்டும். நான் பச்சைக் காகிதத்தில் பன்னிரண்டு வட்டம் வெட்டிக் கொடுத்து, மணி அடிக்க அடிக்க ஒவ்வொன்றாகத் தட்டில் போடச் சொன்னேன்.

10. எப்போது எதை

மே, ஜூனில் தாள்களைக் கேளுங்கள். ஜூலையில் சொற்பட்டியலை முடித்து, பள்ளி மூடுமுன் ஆர்டரை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள், ஆகஸ்டில் அங்கே ஆள் இருக்காது. விடுமுறையில் வாரம் இரண்டு நாள் முதல் பருவச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஆகஸ்டு கடைசி இரண்டு வாரம் கடைப்பக்கமே போகாதீர்கள். அப்போதுதான் பள்ளித் தள்ளுபடி என்று எல்லாவற்றையும் வாசலில் கொட்டி வைத்திருப்பார்கள். அந்த இருபது பலூனும் அப்படி வந்தவைதான், இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. கறுப்புப் பேனாவால் அலைக்கோடு போட்டுப் பார்த்தேன், ஊதினால் அழிந்துவிடுகிறது.